லிப்டன் ஆசனத்துக்கு ஏறும் வழி

மலையுச்சியில் நின்று நாட்டை நோக்கும் ஆவல் மனிதனுக்குப் புதிதன்று. கைப்பொருளோடு ஒரு வினையில் இறங்குபவனுக்கு உவமை தேடிய வள்ளுவர், குன்றின்மேல் நின்று கீழே நிகழும் யானைப் போரைக் காண்பவனையே கண்டெடுத்தார். மேலே நிற்பவனுக்கு அச்சமில்லை. கீழே நிகழ்வன யாவும் அவனுக்கு வெறுங் காட்சி. இலங்கையின் மலைநாட்டில் அவ்வுவமைக்கு உருக்கொடுத்தாற்போல ஓர் இடம் உண்டு. அப்புத்தளைக்குக் கிழக்கே, தம்பேதன்னைத் தேயிலைத் தோட்டத்தின் தலைமாட்டில், ஏறக்குறைய 1,970 மீட்டர் உயரத்தில் அமைந்த பாறைமுனை அது. உலகம் அதனை 'லிப்டன்ஸ் சீட்' என்று அறியும். தமிழில் லிப்டன் ஆசனம் எனலாம்.

விடியுமுன் புறப்பட்டு, வழிகாட்டி ஒருவரின் வண்டியில் ஏறி, அம்முனையை அடைந்து, கதிரவன் எழுவதைக் கண்டு, மூடுபனி வருமுன் இறங்கிவிடுவது இக்காலத்து உல்லாசப் பிரயாணிகளின் வழக்கம். இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும் சிறு பயணமே அது. ஆயினும் அச்சிறு பயணத்தில் இருநூறு ஆண்டு வரலாறு வழிநெடுகக் கிடக்கின்றது. அதனைக் கண்டு செல்வோரும் உளர். காணாது செல்வோரும் உளர். இவ்வேறுபாடு பெரும்பாலும் வண்டியோட்டியின் வாயைப் பொறுத்தது.

அப்புத்தளைக்கு வருவோர் பலர் கொழும்பு - பதுளை இருப்புப்பாதை வழியே வருவர். ஆங்கிலேயர் இப்பாதையை மலைமேல் ஏற்றியது மக்கள் காட்சி காண்பதற்காக அன்று. முதலில் கோப்பியையும் பின்னர் தேயிலையையும் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகவே. 1867இல் கண்டியை எட்டிய பாதை, 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் ஹட்டனையும், 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. நுவரெலியாவுக்குச் செல்வோர் நானுஓயாவிலேயே இறங்குவர். அதற்கப்பால் பாதை மேலும் ஏறி, 1,891 மீட்டர் உயரத்திலுள்ள பட்டிப்பொலை நிலையத்தைக் கடந்து, ஒரு சுரங்கத்துள் நுழைகின்றது. அச்சுரங்கம் ஒரு வாயிற்படி போன்றது. பட்டிப்பொலைப் பக்கத்தில் கொட்டும் மழையில் நனைந்து உள்ளே புகுந்த புகையிரதம், மறுபக்கத்தில் ஒஹியவை நோக்கி வெயிலில் வெளிப்படுவதைப் பிரயாணிகள் அடிக்கடி காண்பர். மேற்கு மலைச்சாரலின் பருவமும் ஊவாவின் பருவமும் அவ்விடத்தில் பிரிகின்றன. 1894இல் பண்டாரவளையை எட்டிய இப்பாதை பதுளையில் நிறைவுற்றது 1924இலேதான்.

அப்புத்தளை நகரம் ஒரு மலைமுதுகின் மேல் கிடக்கின்றது. கடைத்தெருவின் ஒருபுறம் நின்றால் வெலிமடைப் பக்கத்து மலைகள் தெரியும். மறுபுறம் திரும்பினால் நிலம் திடீரெனச் சரிந்து தென்பகுதிச் சமவெளியில் போய் விழும். அங்கிருந்து தம்பேதன்னைத் தொழிற்சாலைக்குப் பத்துக் கிலோமீட்டர் அளவு தூரம். தோட்ட மக்கள் ஏறி இறங்கும் பஸ் அதுவரையில் செல்லும். தொழிற்சாலைக்கு மேலே ஆசனத்துக்கு இன்னும் ஏழு கிலோமீட்டர் ஏற வேண்டும். கால் வலியவர்கள் நடந்து ஏறுவர். இரண்டு மணி நேரம் போதும். ஏனையோர்க்கு முச்சக்கர வண்டி.

இப்பாதையைப் போட்டவர்கள் முச்சக்கர வண்டியைக் கனவிலும் கண்டவரல்லர். தோட்டத்துக் கரத்தை ரோட்டு என்பது மாட்டு வண்டி இழுக்கக்கூடிய சரிவில், மலையைச் சுற்றிச் சுற்றி, மெல்ல உயர்ந்து செல்வது. மாடு மூச்சு வாங்காத சரிவில் சிறு எஞ்சினும் மூச்சு வாங்காது என்பது பிற்காலத்தவர்க்குக் கிட்டிய ஆதாயம். முச்சக்கர வண்டியின் எஞ்சின் மோட்டார் சைக்கிளின் எஞ்சின் அளவினதே. முன்னே ஒரே சக்கரம் இருப்பதால், பெரிய வாகனங்கள் இரண்டு தடவை பின்வாங்கித் திரும்பும் கொண்டை ஊசி வளைவில் அது ஒரே வீச்சில் திரும்பிவிடும். ஆனால் சுமை மிகுந்தால் அந்த முன்சக்கரம் நிலத்தை வலுவாகப் பற்றாது. ஆகவேதான் அனுபவமுள்ள ஓட்டுநர், "ரெண்டு பேர் ஏறுங்க சார், மூணாவது ஆள் அடுத்த வண்டியில வரட்டும்" என்பார். காசு பறிக்கும் தந்திரம் என்று அதனைக் கருதுவோர் பிழைபடுகின்றனர். இறங்கும்போதும் அவர் எஞ்சினை நிறுத்தி வண்டியை உருள விடுவதில்லை. கீழ்க் கியரில் போட்டு, எஞ்சினின் இழுவையாலேயே வேகத்தைக் கட்டுப்படுத்துவார். பிரேக்கையே நம்பி ஏழு கிலோமீட்டர் இறங்கினால் அது சூடேறிக் கைவிட்டுவிடும்.

பிற நாடுகளில் இத்தகைய காட்சிமுனைகளுக்குப் பிரயாணிகளை அழைத்துச் செல்ல வேறொரு விந்தையான வண்டியும் வந்தது. டீன் கேமன் என்ற அமெரிக்கர் 2001ஆம் ஆண்டு உலகுக்குக் காட்டிய செக்வே அது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே சக்கரங்கள். நடுவே ஒரு பலகை. அதன்மேல் ஆள் நின்றபடி செல்வார். அவர் முன்னே சாய்ந்தால் உள்ளிருக்கும் சுழல்மானிகள் அச்சாய்வை உணர்ந்து மின்மோட்டாருக்கு அறிவிக்கும்; அவர் விழுமுன் சக்கரங்கள் அவர் காலடிக்கு ஓடிவந்துவிடும். பின்னே சாய்ந்தால் வண்டி நின்றுவிடும். நகரங்கள் பலவற்றில் வழிகாட்டி முன்னே செல்ல, பிரயாணிகள் வாத்துக் குஞ்சுகள் போல் வரிசையாய் இவ்வண்டிகளில் பின்தொடர்ந்தனர். மூல வண்டியின் உற்பத்தி 2020இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே, 2016இல், பிராக் நகரம் தன் நடுப்பகுதியில் இவ்வண்டிகளுக்குத் தடை விதித்தது. நடைபாதையில் நடக்க முடியவில்லை என்று அங்கே குடியிருப்போர் முறையிட்டதே காரணம். வந்து போவோரின் களிப்புக்கும் வாழ்வோரின் வசதிக்கும் இடையிலான இவ்வழக்கு, மலைநாட்டுக்கும் உரியதே. தம்பேதன்னைப் பாதையில் செக்வே ஓடுவதில்லை. குழியும் கல்லுமான இடங்களில் அதன் சிறு சக்கரம் நிலைகொள்ளவும் மாட்டாது. ஆனால் பாதை குறுகியது. காலை ஏழு மணிக்கு அதே பாதையில் கூடை சுமந்த பெண்களும், வெள்ளைச் சீருடையணிந்த பிள்ளைகளும் நடந்து செல்வர். வண்டி ஒதுங்க வேண்டுமா, நடப்பவர் ஒதுங்க வேண்டுமா என்ற கேள்விக்கு அங்கே சட்டம் எதுவும் இல்லை. நல்ல ஓட்டுநர் வண்டியை நிறுத்துவார். நடப்பவருள் அவருடைய சித்தியோ தங்கையோ இருப்பதும் உண்டு.

இனி, ஆசனத்தில் அமர்ந்தவரைப் பற்றிச் சிறிது காண்போம். தோமஸ் லிப்டன் ஸ்கொத்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 1871இல் அங்கே ஒரு பலசரக்குக் கடையைத் திறந்தார். பன்றி இறைச்சியும் வெண்ணெயும் முட்டையும் விற்ற அக்கடை, விளம்பரத்தின் வலிமையால் பிரித்தானியா முழுவதும் கிளைவிட்டது. தேயிலையை இடைத்தரகரிடம் வாங்கி விற்பதைவிடத் தோட்டத்தையே வாங்கிவிடுவது இலாபம் என்று கணக்கிட்டு, 1890இல் அவர் இலங்கைக்கு வந்தார்.

வந்த வேளை அவருக்கு வாய்ப்பான வேளை. மலைநாட்டில் அதற்கு முன் செழித்திருந்தது கோப்பி. 1869ஆம் ஆண்டு தோன்றிய இலைத்துரு நோய் கோப்பிச் செடிகளை இலையின்றி நிற்க வைத்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தோட்டங்கள் அழிந்தன. துரைமார் பலர் கடனாளிகளாகிக் கப்பலேறினர். அந்நோய்க்கு இரண்டாண்டுகள் முன்னரே, 1867இல், கண்டிக்கு அப்பால் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். 1873இல் லண்டனுக்குச் சென்ற முதற் பொதி 23 இறாத்தலே. கோப்பி வீழ்ந்த இடத்தில் தேயிலை எழுந்தது. நிலம் மலிந்து கிடந்த அக்காலத்தில் லிப்டன் தம்பேதன்னை முதலான தோட்டங்களை வாங்கினார். அதே 1890இல் தம்பேதன்னைத் தொழிற்சாலை எழுந்தது. தேயிலையை இறாத்தல், அரை இறாத்தல், கால் இறாத்தல் பொட்டலங்களில் அடைத்து, தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் குடுவைக்கு வருகின்றது என்று விளம்பரம் செய்து, அப்போதைய விலையை வெட்டி விற்றார். சீமான்களின் மேசையிலிருந்த பானம் தொழிலாளியின் அடுப்படிக்கு இறங்கியது. அவ்வகையில் அவர் செய்தது சிறு காரியமன்று.

தம் தோட்டங்களைப் பார்வையிட அவர் இம்முனைக்கு வந்து அமர்வார் என்பது வழிவழிச் செய்தி. இன்று அங்கே ஒரு நீளிருக்கையில் தேநீர்க் கோப்பையுடன் அவர் அமர்ந்திருக்கும் சிலையொன்று உண்டு. வருவோர் அதன் அருகில் அமர்ந்து படம் எடுத்துக்கொள்வர். கைப்பொருளுடன் வந்து, குன்றேறி நின்று, கீழே நிகழும் உழைப்பை நோக்கிய ஒருவருக்கு அவ்விருக்கை பொருத்தமானதே. ஆனால் அந்தக் குன்றைப் பிறர் ஏறக்கூடியதாக ஆக்கியவர்களுக்கு அங்கே ஒரு கல்லும் நாட்டப்படவில்லை.

அவர்கள் எவ்வாறு இம்மலைக்கு ஏறினர்? திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, சேலம், தஞ்சைப் பக்கங்களிலிருந்து பஞ்சமும் கடனும் துரத்த, கங்காணியின் பின்னே புறப்பட்டு, பாக்கு நீரிணையைத் தோணியிற் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மாத்தளை வரை காட்டுவழி நடை. குடிநீர் இல்லை; வாந்திபேதியும் காய்ச்சலும் உண்டு. வழியில் விழுந்தவர்களை ஆங்காங்கே புதைத்துவிட்டு மற்றவர்கள் நடந்தனர். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பலும் அதனோடு இணைந்த புகையிரதமும் ஓடத் தொடங்கியது 1914இலேதான். அதற்குள் மலைகள் யாவும் தேயிலையாகிவிட்டன. 2023ஆம் ஆண்டு, அவர்தம் வருகையின் இருநூறாவது ஆண்டை முன்னிட்டு, மலையக மக்களும் அவர்க்கு ஆதரவானவர்களும் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே வழியில் நடந்து சென்றனர். நேயர்களுள் சிலர் அந்நடையில் கலந்துகொண்டிருத்தலும் கூடும்.

ஏறி வந்தவர்களுக்குக் காடு வெட்டும் வேலை, கான் வெட்டும் வேலை, கரத்தை ரோட்டுப் போடும் வேலை, கன்று நடும் வேலை. தங்குவதற்கு லயம்: பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, முன்னே ஒரு சிறு திண்ணை, ஒரே கூரையின்கீழ் வரிசையாய்ப் பல குடும்பங்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொள்ளும் கணக்கைப் போட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சியோர் பின்னர் பார்த்துக்கொள்ள வேண்டியவர். ஒரே லயத்தில் அண்ணன் இந்தியா, தம்பி இலங்கை என்று பிரிந்த வீடுகள் எத்தனையோ. எஞ்சியோரின் நாடற்ற நிலை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே ஒருவாறு தீர்ந்தது. முச்சக்கர வண்டி ஓட்டும் இளைஞர் அக்கதையை நூலிற் படித்தவரல்லர். பாட்டியின் வாயிலாகக் கேட்டவர்.

உச்சிக்கு வருவோம். விடியற்காலை ஐந்தரை மணிக்கு அப்புத்தளையில் ஏறினால் கதிரவன் எழும் வேளைக்கு முனையை எட்டலாம். முதலில் காற்றுத்தான் தெரியும். பின்னர் கீழ்வானம் சிவந்து, மலைகளின் விளிம்புகள் ஒன்றன்பின் ஒன்றாய் வெளிப்படும். வடக்கேயும் மேற்கேயும் தேயிலை மலைகள். தெற்கே நிலம் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஒரே சரிவாக இறங்கி, வெல்லவாயச் சமவெளியாய்ப் பரந்து கிடக்கும். தெளிந்த நாளில் உடவளவை நீர்த்தேக்கம் வெள்ளித் தகடுபோல் மின்னும். அதற்கும் அப்பால் அம்பாந்தோட்டைக் கடலே தெரியும் என்பர் வழிகாட்டிகள். ஐந்து மாகாணங்களைக் காணலாம் என்பதும் அவர்கள் கூற்று. மாகாண எல்லை மலைமீது கோடு கிழித்துக் கிடப்பதில்லையாதலால் அதனைச் சரிபார்ப்பது பிரயாணிக்கு எளிதன்று.

இக்காட்சி நெடுநேரம் நில்லாது. ஒன்பது, பத்து மணியளவில் மூடுபனி வந்து யாவற்றையும் விழுங்கிவிடும். மேலிருந்து இறங்குவது போலத் தோன்றினும் அது உண்மையில் கீழிருந்து ஏறுவது. வெயில் மலைச்சரிவைச் சூடாக்க, சரிவை ஒட்டிய காற்று இலேசாகி மேலெழும். சமவெளியின் ஈரமான காற்று அதன் இடத்தை நிரப்ப ஏறிவரும். நூறு மீட்டர் உயர்ந்தால் ஏறக்குறைய ஒரு பாகை வீதம் அக்காற்று குளிரும். ஓர் உயரத்துக்கு மேல் தன்னுள் உள்ள நீராவியைத் தாங்கமாட்டாது. அது நுண்துளிகளாய்த் திரளும். சமவெளியில் நிற்பவனுக்கு அது மேகம். மலையில் நிற்பவனுக்கு மூடுபனி. விடிந்தபின் உறங்கி எழுந்து, காலையுணவும் அருந்திவிட்டு ஏறும் பிரயாணி, வெள்ளைத் திரை ஒன்றைப் பார்த்துவிட்டு இறங்குவதன் காரணம் இதுவே.

இம்மலையின் தேயிலைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததும் காற்றே. ஆடி, ஆவணி, புரட்டாசி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை ஹட்டன், நுவரெலியாப் பக்கத்து மேற்குச் சாரலில் கொட்டிவிட்டு, மலைமுதுகைக் கடந்து ஊவாவுக்குள் வறண்ட காற்றாக வீசும். இவ்வறட்சியில் செடி மெதுவாய்த் துளிர்க்கும். இலைக்குள் மணப்பொருள்கள் செறியும். ஊவாத் தேயிலையின் தனி மணம் அப்பருவத்தில் உண்டாவது. ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துத் திம்புலைத் தேயிலைக்கோ நற்பருவம் தை முதல் பங்குனி வரை. அப்போது அங்கே வறண்ட காற்று. ஒரே நாட்டின் ஒரே மலைத்திரளில் ஒருபுறம் நற்பருவமாயிருக்க மறுபுறம் மழைக்காலமாயிருப்பது, பட்டிப்பொலைச் சுரங்கத்தின் இருவாயில்களையும் கண்டவர்க்கு வியப்பாகாது.

இறங்கும் வேளையில்தான் தோட்டம் விழித்திருக்கும். பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, இடுப்பில் படங்கு கட்டி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு பெண்கள் நிரைபிடித்து நிற்பர். செடியின் மேற்பரப்பு ஒரே மட்டமாயிருக்க மட்டக்கம்பைக் குறுக்கே வைத்து, அதற்கு மேல் நீண்ட இளந்தளிரை மட்டும், இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுவர். கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் போகும். பல தோட்டங்களில் ஒரு முழுநாட் பெயருக்கு 18 அல்லது 20 கிலோ கொழுந்து எடுக்க வேண்டும்; தோட்டத்துக்குத் தோட்டம் அளவு மாறும். குறைந்தால் அரைப்பெயர். ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வாடி, அரைபட்டு, நொதித்து, உலர்ந்து ஒரு கிலோ தேயிலையாகும். கோப்பைக்கு இரண்டு கிராம் என்று கொண்டால், 20 கிலோ எடுத்த ஒரு பெண்ணின் ஒருநாள் உழைப்பு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கோப்பைத் தேநீர். அதற்கு நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாவது வேண்டும் என்று 2015ஆம் ஆண்டு எழுந்த கோரிக்கை 2021இலேயே நிறைவேறியது. 2024இல் அது 1,350 ரூபாயாக உயர்ந்தது. இதற்கிடையில், 2022இன் நெருக்கடியில், அரிசியும் மாவும் எண்ணெயும் விலையேறிய வேகத்தை மலைநாடு மறக்கவில்லை.

பிரயாணியின் வண்டி ஒரு காலைப் பொழுதில் ஈட்டுவது பெரும்பாலும் இந்நாட்சம்பளத்தை மிஞ்சுகின்றது. தோட்டத்து இளைஞர் பெயர்ப்பதிவை விட்டு வண்டியைப் பிடித்ததன் காரணம் இதனினும் விளக்கம் வேண்டாதது. எனினும் வண்டி கடனில் வாங்கியது. மழைக்காலத்தில் ஆள் வாரார். அம்மாவின் கூடைதான் அப்போது அடுப்பை எரிக்கும்.

இவ்விடத்தில் வண்டியை நிறுத்தி, பிரயாணி படம் எடுக்க விரும்புவார். பச்சை மலை, வண்ணச் சேலை, முதுகிற் கூடை. உலகெங்கும் தேயிலைப் பொட்டலத்தின் மேல் அச்சிட்ட படம் அதுவே. ஆனால் நிறுத்திச் சிரிக்கச் சொல்லும் ஒவ்வொரு நிமிடமும் அவளுடைய கூடையிற் குறைகின்றது. கேளாமலே எடுத்துச் செல்வோர் மிகப் பலர். "அக்கா, ஒரு படம் எடுக்கலாங்களா?" என்று ஓட்டுநர் கேட்டுக் கொடுப்பாராயின், "எடுங்க தம்பி, கங்காணி ஐயா வாரதுக்குள்ள எடுங்க" என்று சிரித்தபடியே கை ஓயாமல் பறிப்பவரும் உண்டு, முகத்தை மறுபுறம் திருப்பிக்கொள்பவரும் உண்டு. முகம் திருப்பியவரை விட்டுவிடுமாறு பிரயாணியிடம் சொல்வதற்கு வழிகாட்டிக்கு மனத்துணிவு வேண்டும். அன்றைய கூலி அப்பிரயாணியின் சட்டைப்பையில் அல்லவா இருக்கின்றது.

உச்சியிலிருந்து கண்ட அச்செங்குத்துச் சரிவைப் பற்றி வழிகாட்டிகள் பெரும்பாலும் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. இதே மலைத்தொடரின் தெற்குச் சரிவில், கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டம் இருந்தது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் புறப்பட்ட வேளையில், மலை பெயர்ந்து லயங்களின் மேல் இறங்கியது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் உயிர் பிழைத்தனர். வீடு திரும்பியபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை என்ற நிலை சிலருக்கு. அவ்விடம் அபாயமானது என்று பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. மாற்று வீடு காகிதத்திலும் இல்லை. எஞ்சியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் ஏறக்குறைய இரண்டாண்டுகள் தங்கினர். புதிய வீடுகள் 2016இல் கிடைத்தன.

மலை ஏன் இறங்குகின்றது? செங்குத்துச் சரிவில் பாறைமேல் மண்ணும் உருண்டு வந்த கற்களும் படிந்து கிடக்கும். தொடர்மழையில் அம்மண்ணின் இடுக்குகள் நீரால் நிரம்ப, மண்ணுக்கும் பாறைக்கும் இடையிலான பிடி தளரும். முன்னாளில் தோட்டத்தில் கான் வெட்டுவதும் ஆண்டுதோறும் அதனைத் துப்புரவாக்குவதும் தவறாத வேலைகள். மழைநீரை மண்ணுள் இறங்கவிடாது ஓடையில் சேர்ப்பது அதன் பயன். ஆட்குறைப்பினாலும் செலவுச் சுருக்கத்தினாலும் கான்கள் தூர்ந்த மலைகள் பல. லயங்களோ நூறாண்டுக்கு முன் எவரோ வசதி பார்த்து வைத்த இடத்திலேயே நிற்கின்றன. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த மழையில் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் எண்ணற்ற சரிவுகள் நேர்ந்தன; மலைநாட்டு இருப்புப்பாதையும் பல இடங்களில் பெயர்ந்தது. உச்சியில் நின்று வியந்த அதே செங்குத்து, அடிவாரத்தில் உறங்குபவனை ஐப்பசி கார்த்திகை இரவுகளில் விழிக்க வைக்கின்றது.

மீரியபெத்தையைப் பற்றிக் கேட்டால் சொல்லும் ஓட்டுநர்கள் உளர். கேளாதவர்க்கு அவர்கள் லிப்டனைப் பற்றிச் சொல்வர்; அதுவே எதிர்பார்க்கப்படுவது. தமிழ் தெரிந்த பிரயாணி ஏறினால் மட்டும் பேச்சு வேறு வழியிற் செல்லும். எந்த ஊர் என்ற கேள்வியில் தொடங்கும் அது. திருச்சிப் பக்கம் என்று பதில் வந்தால், "எங்க பூட்டனும் அங்கிட்டுத்தான் வந்தாராம், ஊர்ப் பேர்தான் தெரியல" என்பார் ஓட்டுநர். கோயிலைக் காட்டுவார், தாம் படித்த பள்ளிக்கூடத்தைக் காட்டுவார், தம் லயத்தைக் காட்டத் தயங்குவார். தேநீர் குடித்துவிட்டுப் போகலாம் என்று சில வேளை அழைத்தும் செல்வார். அங்கே கிடைக்கும் தேநீர், தொழிற்சாலையின் உயர்ந்த தரமன்று. உயர்ந்த தரம் பெட்டியில் ஏறிக் கொழும்பு ஏலத்துக்குப் போய்விடும். தோட்டத்து வீட்டில் கொதிப்பது பெரும்பாலும் கடைசித் தரமான தூள். சீனியைக் கலக்காமல் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்து நக்கிக்கொண்டு, சாயத்தைச் சூடாகக் குடிப்பது மலைநாட்டு வழக்கம்.

தொழிற்சாலையருகே வண்டி வந்து சேர்கையில் மணி ஒன்பதாகியிருக்கும். அதற்குள் மூடுபனி உச்சியை மறைத்திருக்கும். தாமதமாய் வந்த பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு இரண்டு மூன்று வண்டிகள் எதிரே ஏறிச் செல்லும். இறங்கும் ஓட்டுநர் கையை வெளியே நீட்டி விரல்களை விரித்து ஆட்டுவார். மேலே ஒன்றும் தெரியவில்லை என்பது அதற்குப் பொருள். ஏறும் ஓட்டுநர் தலையசைத்துவிட்டு ஏறிக்கொண்டே இருப்பார்.